கே. ராஜசேகரின் கொம்பு

விண்ணரசி பதினான்கு வயதில் நடவுக்கு இறங்கினாள். முப்பத்து மூன்றில் இடுப்பில் டிஸ்க் விலகியது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் குனியக் கூடாது என்றார். குனியாமல் என்ன வேலை இருக்கிறது என்று அவள் கேட்டாள். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

குத்தாலத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் டைப்பிங் படித்து, ஊர்ப் பாசனதாரர் சங்க ஆபீசில் நாற்காலி பிடித்தாள். நீல பிளாஸ்டிக் நாற்காலி. அதன் ஒரு கை உடைந்திருந்தது. நான்கு வருடமாக அதில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்தது.

ஜூன் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, சங்கத் தலைவர் அய்யாவு வந்து வாசலிலேயே நின்றார்.

"வெள்ளிக்கிழமை காலையில மதகுக்குத் தண்ணி வந்துடும் விண்ணரசி. முறைப் பட்டியல் வியாழக்கிழமை சாயங்காலம் போர்டுல ஒட்டியிருக்கணும்."

முறை என்றால், எந்த நாள் யார் வயலுக்குத் தண்ணீர் என்பது. மொத்தம் எண்ணூற்று நாற்பத்தாறு பேர். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே பட்டியல் இருந்தது, 'முதல் நாள்: ராஜசேகர், த/பெ கேசவன்' என்கிற மாதிரி. அண்ணன் தம்பிகள் பக்கத்துப் பக்கத்தில் வரவேண்டும் என்று அப்பன் பெயர் வரிசையில் அடுக்கியது. பெண்களுக்குப் புருஷன் பெயர்.

"பட்டியலை வெளியில ஒட்டுறது இதுதான் முதல் தடவை, போர்டும் சின்னது. இந்த த/பெ, க/பெ எல்லாம் வேண்டாம்னு கமிட்டியில முடிவு. இனிஷியலை முன்னால போட்டு, பேரைப் பின்னால போட்டுடு."

"எண்ணூறு பேருங்க தலைவரே. மூணு நாள்ல கையால மாத்த முடியுமா?"

"மயிலாடுதுறையில ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல அரை நாள்ல முடிச்சுத் தர்றேங்கிறாங்க. வருஷம் பூரா நம்ம சங்க வேலையை அவங்களே பாத்துக்குறாங்களாம். கமிட்டியில ரெண்டு பேரு அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்காங்க."

இதைச் சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்த்தார். அவளுக்குப் புரிந்தது. பட்டியல் பிசகினால் திரும்பவும் சேறு.

குத்தாலத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜெரால்டுக்குப் போன் போட்டாள். பொங்கலுக்கு முன்னால் சங்கக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் செத்துப்போனபோது லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் அவன்தான். முப்பது வயது, கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். விண்ணரசி ஊரில் அவனுக்கும் அரை ஏக்கர் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலையில் வந்தான்.

"இதுக்கா பயந்தீங்க? மேக்ரோ போட்டுட்டாப் போச்சு அக்கா."

"அது என்னாது?"

"ஒரு பேரை நீங்க மாத்திக் காட்டுங்க. கீபோர்டுல எந்தக் கட்டையை எப்ப அமுக்குறீங்கன்னு அது கவனிச்சு வச்சுக்கும். மீதி எண்ணூத்தி நாப்பத்தஞ்சையும் அதுவே மாத்திடும்."

"அதாவது, நான் ஒரு வரிசை நட்டுக் காட்டினா மீதி வயலை அதுவே நட்டுடும்."

"கரெக்ட்."

"டீ கேக்காதா?"

"கேக்காது."

"முதுகு விட்டுப் போச்சு, வரப்புல ஏறுறேன்னு சொல்லாதா?"

"அக்கா, அது மிஷினு."

"அப்ப இத்தனை நாளா ஏன்டா சொல்லல?"

மேக்ரோ எல்லா எடிட்டரிலும் இருக்காது, இருக்கிற எடிட்டராகப் பார்த்து எடுக்கவேண்டும் என்று ஜெரால்டு சொன்னான். எழுத்தை அடித்துத் திருத்துகிற சாமானுக்கு எடிட்டர் என்று பெயர். லினக்ஸில் அது ஒன்றிரண்டு இல்லை, ஒரு கூடை இருக்கிறது. அவன் 'விம்' என்பதைத் திறந்தான். கறுப்புத் திரை. ஒரு மெனு இல்லை, ஒரு பொத்தான் இல்லை.

"கரண்ட் போயிடுச்சா?"

"இல்லக்கா, இதுதான் எடிட்டர். க்யூவை அமுக்குங்க, கவனிக்க ஆரம்பிக்கும்."

அமுக்கினாள். டொங் என்றது. மறுபடி அமுக்கினாள். டொங்.

"என்னடா கத்துது?"

ஜெரால்டு குனிந்து பார்த்தான். கீபோர்டு தமிழில் இருந்தது. தமிழில் அந்தக் கட்டை க்யூ இல்லை, ஆ. விண்ணரசி அதனிடம் 'ஆ, ஆ' என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கட்டளைக்கு இங்கிலீசுக்கு மாத்திக்கணும்க்கா. பேர் அடிக்கும்போது தமிழுக்கு."

"வேலை சொல்ல இங்கிலீசு, வேலை செய்யத் தமிழா? நல்லா இருக்குடா."

அந்த நேரத்தில் ஜாஃபர் சாதிக் உள்ளே வந்தார். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் வாத்தியார். அவருக்கும் அந்த மதகுப் பாசனத்தில் ஒரு ஏக்கர் உண்டு. முறை எப்போது என்று கேட்க வந்தவர், திரையைப் பார்த்ததும் வந்த காரியத்தை மறந்தார்.

"ஜெரால்டு, அவங்களுக்குப் போய் விம் குடுக்குறியே, மனசாட்சி இருக்கா?"

"ஏன் சார், உங்க ஈமாக்ஸ் எடிட்டரைக் குடுக்கச் சொல்றீங்களா? அது திறக்குறதுக்குள்ள குறுவை அறுப்பு வந்துடும்."

"ஈமாக்ஸ்ல மேக்ரோ தங்கமா வேலை செய்யும். அதோட மெயில் பாக்கலாம், காலண்டர் பாக்கலாம், டெட்ரிஸ் ஆடலாம்..."

விண்ணரசி கையைக் காட்டி நிறுத்தினாள். "சார், நடவுக்கு ஆள் கேட்டா நடவுக்கு ஆள் வரணும். எனக்கு ஜோசியம் தெரியும், கும்மி தெரியும்னு வரப்புல நின்னு சொல்லக் கூடாது. எதை அமுக்கணும், சொல்லுங்க."

"இடது கை சுண்டுவிரலால கண்ட்ரோலை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே எக்ஸ். அப்புறம் விட்டுட்டு, அடைப்புக்குறி."

அவள் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். பத்தொன்பது வயதில் சம்பா அறுப்பில் கருக்கரிவாள் பட்ட கை. சுண்டுவிரல் குச்சி மாதிரி நிற்கும், மடங்காது. ஜாஃபர் சாதிக் கொஞ்ச நேரம் அந்த விரலைப் பார்த்தார். பிறகு, "கண்ட்ரோலைக் கேப்ஸ் லாக்குக்கு மாத்திடலாம்" என்று மெதுவாகச் சொன்னார்.

"ஒரு ஆளை வேலைக்கு வைக்க நம்ம வீட்டு வாசப்படியையே மாத்தச் சொல்றாரு பாருங்கக்கா" என்றான் ஜெரால்டு.

"உன் ஆளு வாயே திறக்க மாட்டேங்குதே, தம்பி. டொங்கு டொங்குங்குது" என்றாள் விண்ணரசி.

இரண்டு பேரும் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். எது இலேசு, எது பழசு, எதை யார் யார் உபயோகிக்கிறார்கள், எதை உபயோகிக்கிறவன் மனுஷனே இல்லை. வரப்புத் தகராறில்கூட நடுவில் ஒரு டீ உண்டு. இதில் அதுவும் இல்லை.

விண்ணரசி அவர்கள் பக்கம் திரும்பாமல், கம்ப்யூட்டரில் இருந்த மற்ற எடிட்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முறை எளிமையானது. நடவுக் கூட்டத்துக்குப் புது ஆள் வந்தால், பேச்சை நம்பமாட்டாள். ஒரு வரிசை நடச் சொல்லிப் பார்ப்பாள். ஏழாவதோ எட்டாவதோ திறந்ததில், மேலே ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. டேப்ரிக்கார்டரில் இருக்கிற அதே சிவப்பு. அமுக்கினாள். பொத்தான் மினுக்க ஆரம்பித்தது. 'ஆரோக்கியசாமி' முன்னாலிருந்து ஒரு எழுத்தை எடுத்து, பெயருக்கு முன்னால் வைத்து, புள்ளி போட்டு, மீதியை அழித்தாள். மறுபடி பொத்தானை அமுக்கினாள். பக்கத்தில் ஒரு முக்கோணம் இருந்தது. அதை அமுக்கினாள். அடுத்த வரி தானாக மாறியது.

"சார்" என்றாள். இரண்டு பேரும் திரும்பினார்கள். அவள் முதல் சில பக்கங்களில் அங்கங்கே நிறுத்தி, முக்கோணத்தைப் பத்துத் தடவை அமுக்கிக் காட்டினாள். அ. மரியசூசை. ஆ. ஜாஸ்லின். இ. ராமையன். ஒன்றும் பிசகவில்லை.

"இது பேரே கேள்விப்பட்டதில்லையே" என்றார் ஜாஃபர் சாதிக்.

"இதெல்லாம் ஒரு எடிட்டரா?" என்றான் ஜெரால்டு. இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

அந்த எடிட்டரின் பெயர் வாயில் நுழையாத ஒரு பெயர். அன்றையிலிருந்து அந்த ஆபீசில் அதற்குச் சிவப்புப் பொத்தான் என்று பெயர்.

வியாழக்கிழமை மதியம் 'கடைசி வரைக்கும்' என்று ஒரு கட்டளை இருப்பதை ஜெரால்டு கண்டுபிடித்தான். அமுக்கினார்கள். எண்ணூறு பெயரும் ஒரு தும்மல் நேரத்தில் மாறியது. விண்ணரசிக்கு ஒரு மாதிரி கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் எத்தனை பேர் முதுகு போயிருக்கிறது. முதல் பக்கத்தைப் படித்துப் பார்த்தாள், சரியாக இருந்தது. மைதாப் பசை காய்ச்சி, சாயங்காலம் போர்டில் ஒட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீர் வந்தது. கூடவே ஊரும் வந்தது.

விண்ணரசி ஆபீஸ் தெருவில் திரும்பும்போதே சத்தம் கேட்டது.

"எங்கப்பா பேரு சூசை. சூ போடணும். ச-ன்னு போட்டிருக்கு, எவன்டா அது?"

"எம் புருஷன் கோவிந்தன். கோ எங்க போச்சு? க. சௌந்தரநாயகியாம். நான் எவன் வீட்டுக்குப் போனேன், சொல்லுங்க!"

அவள் போர்டைப் பார்த்தாள். அ முதல் ஔ வரை எல்லாம் சரி. க-வில் தொடங்கியது வினை. கா, கி, கு, கே, கோ, எல்லோரும் க. சூ, சே, சௌ, எல்லோரும் ச. ஒருத்தருக்கும் காலும் இல்லை, கொம்பும் இல்லை, சுழியும் இல்லை.

கூட்டத்தில் ஒரே ஒரு ஆள் சந்தோஷமாக இருந்தார். பேதுரு மகன் சகாயராஜ். ஒன்றாம் வகுப்பில் வாத்தியார் 'பே. சகாயராஜ்' என்று வருகை வாசித்ததிலிருந்து ஐம்பது வயது வரைக்கும் ஊரே அவரைப் 'பே' என்றுதான் கூப்பிட்டது. இன்று பட்டியலில் ப. சகாயராஜ்.

"அருமையா இருக்கும்மா. யார் என்ன சொன்னாலும் மாத்திடாத" என்றார்.

மற்றவர்கள் சத்தத்தையெல்லாம் அமுக்கிக்கொண்டு போர்டுக்கு அடியில் இரண்டு ராஜசேகர்கள் நின்றார்கள். ஒருவர் கேசவன் மகன், முதல் நாள் முறை. இன்னொருவர் காத்தமுத்து மகன், ஒன்பதாம் நாள் முறை. பட்டியலில் இரண்டு பேருமே க. ராஜசேகர்.

"முதல் நாள் க. ராஜசேகர்னு போட்டிருக்கு. நான்தான் க. ராஜசேகர்" என்றார் காத்தமுத்து மகன். தோளில் மண்வெட்டி இருந்தது. "நாத்து முத்திப்போச்சு, நான் மடையைத் திறக்கப் போறேன்."

"யோவ், அது நான்யா! எனக்குக் கே! என் கொம்பை எவனோ வெட்டிட்டான்!"

"உனக்கு மட்டும் என்னய்யா கொம்பு? எனக்குந்தான் கால் போயிடுச்சு, நான் கத்துனனா?"

"கால் போனவன் எப்படிய்யா மண்வெட்டியைத் தூக்கிட்டு முதல் ஆளா வந்த?"

வாயால் சொன்னால் காத்தமுத்து மகன் கேட்கிற ஆள் இல்லை. பட்டா எண்ணைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். பட்டா எண் ரிஜிஸ்டரில் இருந்தது. ரிஜிஸ்டர் அய்யாவு வீட்டுப் பீரோவில் இருந்தது. பீரோ சாவி அவர் மனைவியிடம் இருந்தது. அவர் மனைவி நாகப்பட்டினத்தில் மகள் வீட்டில் இருந்தார்.

தகவல் தெரிந்து ஜாஃபர் சாதிக்கும் ஜெரால்டும் வந்தார்கள். ஜாஃபர் சாதிக் திரையைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கே எழுதும்போது நாம கொம்பை முதல்ல போடுறோம். கம்ப்யூட்டர்ல க முன்னால போகும், கொம்பு தனியா பின்னால வரும். நம்ம ஒரு எழுத்து எடுன்னு சொன்னோம். க உள்ள வந்ததும் கதவைச் சாத்திடுச்சு."

"மாடு உள்ள, கொம்பு வெளியவா?" என்றார் கேசவன் மகன்.

"அப்ப செவ்வாய்க்கிழமை மட்டும் ஏன் சரியா வந்துச்சு?" என்று கேட்டாள் விண்ணரசி.

"நீங்க பார்த்தது பூரா அ, ஆ, இ. உயிரெழுத்து. அதுக்குக் கொம்பும் இல்ல காலும் இல்ல. உயிர்மெய்யிலதான் மாட்டிக்கிச்சு."

நல்ல விளைநிலத்தில் ஒரு மூலையில் நட்டுப் பார்த்துவிட்டு, மீதி வயல் களர் என்று தெரியாமல் ஒப்புக்கொண்ட கதை. தன் மேல்தான் தவறு என்று அவளுக்குத் தெரிந்தது. யாரும் சொல்லாமல் தெரிந்தது.

"ஈமாக்ஸா இருந்தா..." என்று ஆரம்பித்தார் ஜாஃபர் சாதிக்.

"விம்மா இருந்தா..." என்று ஆரம்பித்தான் ஜெரால்டு.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க" என்றாள்.

அய்யாவு வந்தார். போர்டைப் பார்த்தார், இரண்டு ராஜசேகர்களைப் பார்த்தார், மண்வெட்டியைப் பார்த்தார்.

"மத்தியானம் பன்னண்டு மணி வரைக்கும் யாரும் மடையில கை வைக்கக் கூடாது" என்று கூட்டத்திடம் சொன்னார். பிறகு விண்ணரசியிடம், "பன்னண்டுக்குச் சரியான பட்டியல் வரணும். இல்லன்னா அந்த மயிலாடுதுறைக்காரங்களை வரச் சொல்லிடுவேன். அதுக்கு மேல என்கிட்ட எதுவும் கேக்காத" என்றார்.

ஒன்பதரை மணி ஆகியிருந்தது.

"கே-ன்னும் கா-ன்னும் இந்த ரெண்டு பேருக்கு மட்டும் முதல்ல கையால போட்டுடலாம்க்கா, சண்டை ஓயட்டும்" என்றான் ஜெரால்டு.

சன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த காத்தமுத்து மகன் உள்ளே தலையை நீட்டினார். "எனக்கும் கேதான். ஆதார்ல பாரு. இங்கிலீசு கே."

"உங்கப்பா காத்தமுத்துதானே?"

"காத்தமுத்துக்கு இங்கிலீசுல என்ன போடுவ? கேதானே? வங்கியில கே. ராஜசேகர், ரேஷன் கார்டுல கே. ராஜசேகர். இங்க மட்டும் என்ன கா?"

அது உண்மைதான். விண்ணரசி நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தாள். கொம்பைத் திருப்பி வைத்தாலும் இரண்டு பேருக்கும் ஒரே கொம்பு. எழுத்தை வெட்டுகிற வரைக்கும் இந்தத் தொல்லை தீராது.

"வெட்டவே வேண்டாம்" என்றாள்.

"என்னக்கா?"

"அப்பன் பேரை முழுசாத் தூக்கி முன்னால வச்சிடுவோம். கேசவன் ராஜசேகர். காத்தமுத்து ராஜசேகர். ஒரு எழுத்து ரெண்டு எழுத்துன்னு எண்ணுற வேலையே இல்ல. 'பெ'-க்கு அப்புறம் வரி முடியுற வரைக்கும் அப்படியே அள்ளு."

"போர்டு பத்தாதே."

"செவுத்துல ஒட்டுவோம். செவுரு என்ன சின்னதா?"

பழைய கோப்பைத் திறந்து, சிவப்புப் பொத்தானை அமுக்கி, ஒரு வரியைச் செய்து காட்டினாள். இந்தத் தடவை கே, கொ, சூ, பே, மௌ என்று வம்பு பிடித்த எழுத்தாகப் பார்த்து இருபது வரியில் சோதித்தாள். பிறகு ஓட விட்டாள். பத்தேகால் மணிக்கு எல்லாம் முடிந்து, பிரிண்டர் பக்கம் பக்கமாகத் துப்பிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் விடாமல் எல்லாவற்றையும் படித்தாள். ஜெரால்டும் ஜாஃபர் சாதிக்கும் பசை காய்ச்சப் போனார்கள். எந்த மாவு நல்ல மாவு என்று வெளியே சண்டை கேட்டது.

அய்யாவு உள்ளே வந்து, மேசையில் இருந்த தாள்களைப் புரட்டினார். திருப்தியாகத்தான் புரட்டினார். 'ம' வரிசைக்கு வந்ததும் கை நின்றது. கதவைப் போய்ச் சாத்திவிட்டு வந்தார்.

"இது என்னம்மா?"

அவர் விரல் வைத்திருந்த இடத்தில் 'மண்ணாங்கட்டி அய்யாவு' என்று இருந்தது.

டெல்டாவில் அந்தப் பெயர் அதிசயம் இல்லை. முன்னால் பிறந்த இரண்டு பிள்ளை தவறிப்போனால், மூன்றாவதுக்குக் குப்பை, பிச்சை, மண்ணாங்கட்டி என்று பெயர் வைப்பார்கள். எமன் இதெல்லாம் ஒரு சாமானா என்று விட்டுவிட்டுப் போவான் என்பது கணக்கு. அப்படிப் பிழைத்த குழந்தைகளின் பிள்ளைகள் ஊரில் பாதி. ஆனால் அய்யாவு தன் 'ம'-வுக்கு மகாலிங்கம் என்று சொல்லி வைத்திருந்தார். மகள் கல்யாணப் பத்திரிகையில் 'மகாலிங்கனார் பேத்தி' என்று தங்க எழுத்தில் அடித்திருந்தார்.

"ரிஜிஸ்டர்ல இருக்குறதுதாங்க தலைவரே" என்றாள் விண்ணரசி.

"உனக்குத் தெரியுமா?"

"நாலு வருஷமாத் தெரியும். நான்தானே எல்லாத்தையும் ஏத்தினேன்."

"யார்கிட்டயாவது..."

"யாரும் கேக்கல, நானும் சொல்லல."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெளியே காத்தமுத்து மகன் யாருடனோ கத்திக்கொண்டிருந்தார்.

"இந்த ஒரு வரியை மட்டும் அந்த மிஷினை விட்டு மாத்தச் சொல்லேன்."

"மிஷினுக்கு ஒருத்தருக்கு மட்டும்னு சொன்னாப் புரியாதுங்க. மாத்தினா எல்லா மண்ணாங்கட்டியும் மாறும். ஊர்ல பதினோரு பேரு இருக்காங்க. ஏன் மாத்துனீங்கன்னு பதினோரு பேரும் வந்து நிப்பாங்க. ஒருத்தருக்கு மட்டும்னா கையாலதான் அடிக்கணும்."

"அடிச்சுடேன்."

"அடிக்கலாம். இன்னைக்கு நான் இருக்கேன், அடிச்சுடுவேன். அடுத்த முறைக்கு மயிலாடுதுறையில யார் உக்காந்து அடிப்பாங்களோ. ஒரு ஆபீசு நிறையப் பிள்ளைங்க வேலை பாக்குறாங்களாம். படிச்சுச் சிரிக்கிற வயசு."

அய்யாவு அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. நாற்றுக்கட்டு எண்ணும்போது இருக்கிற முகம்தான்.

"மயிலாடுதுறைக்கெல்லாம் எதுக்கு?" என்றார் கடைசியில். "மிஷினை நம்பி என்ன ஆச்சுன்னுதான் காலையில பாத்தோமே. ஆள்னு ஒண்ணு வேணும்ல. கமிட்டியில நான் பேசிக்கிறேன்."

"எழுதிக் குடுத்துடுங்க தலைவரே. தீர்மான நோட்டு அந்த ரேக்குலதான் இருக்கு."

எழுதினார். கையெழுத்தும் போட்டார். அவள் 'ம. அய்யாவு' என்று ஐந்து விநாடியில் அடித்து, அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி பிரிண்ட் எடுத்தாள்.

பதினொன்றரைக்குச் சுவர் முழுக்கப் பட்டியல் ஒட்டியாயிற்று. கேசவன் ராஜசேகர் மடையைத் திறந்தார். காத்தமுத்து ராஜசேகர் ஒன்பது நாள் கழித்து வருவதாகச் சுவரைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனார்.

மூன்று மணிக்குச் சுவரில் ஒரு வரியில் மட்டும் ஒற்றை எழுத்து இருப்பதை யாரோ கண்டுபிடித்தார்கள். மூன்றேகாலுக்கு ஆபீஸ் வாசலில் ஒருத்தர் தொண்டையைச் செருமினார். குப்பை மகன். ஒரு சின்னத் திருத்தம், தலைவருக்குப் போட்ட மாதிரி, வேறு யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார். அவருக்குப் பின்னால் பிச்சை மகன்கள் இரண்டு பேர் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் வரிசை புளியமரம் வரைக்கும் போயிற்று. எல்லோரும் வேறு யாருக்கும் தெரியாமல் வந்திருந்தார்கள்.

விண்ணரசி நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒவ்வொரு பெயராகக் கையால் அடிக்க ஆரம்பித்தாள். அறுப்பு வரைக்கும் வேலை இருந்தது.

ஐந்து மணிக்கு ஜெரால்டு பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே வந்து, அவள் காதருகில் குனிந்தான்.

"அக்கா, நாளைக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க இந்த வழியாத்தான் வர்றாங்க. எங்கப்பா பேரு பிச்சைமுத்துன்னு சுவத்துல..."

"ரிஜிஸ்டர்ல அப்படித்தானே இருக்கு?"

"அதைத்தான் சொல்றேன். நானே சிவப்புப் பொத்தானை அமுக்கி..."

"கையை எடு" என்றாள். "போய் வரிசையில நில்லு தம்பி."